வாய் பாடுகிறது, மனம் வயலுக்குப் போகிறது

கேள்வி: தினமும் மாலையில் விளக்கேற்றிச் சிவபுராணம் படிக்கிறேன். பள்ளிக்கூட நாள்களிலிருந்தே மனப்பாடம். ஆனால் வாய் பாடிக்கொண்டிருக்கும்போதே மனம் வயலில் தண்ணீர் நிற்கிறதா, திங்கட்கிழமை கடன்காரருக்கு என்ன சொல்வது என்று போய்விடுகிறது. இப்படிப் படிப்பதால் பயன் உண்டா? இடையில் நிறுத்தினால் குற்றம் என்கிறார் மாமி.
– ஒரு வாசகி, கனகராயன்குளம்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் முறைப்பாடு, திருவாசகத்தின் முதற்பகுதியான சிவபுராணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பது வரி கடந்ததும் வரும் இடத்தைப் பாருங்கள். ‘மலங்கப் புலனைந்தும் வஞ்சனையைச் செய்ய, விலங்கு மனத்தால்’ உனக்காகக் கசிந்துருகும் நலம் இல்லாத சிறியேன் என்று மாணிக்கவாசகர் அழுகிறார். பாண்டியனின் அமைச்சரான அவர், குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைச் சிவப்பணிக்குச் செலவிட்டுவிட்டு மன்னனிடம் கணக்குச் சொல்ல முடியாமல் நின்றவர் என்கிறது அவருடைய வரலாற்றைப் பாடும் திருவாதவூரடிகள் புராணம். பணத்துக்குப் பதில் சொல்லவேண்டிய மனம் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியாதா?

அடுத்து என்ன வருகிறது? மனம் அடங்கிய பிறகு வா என்று இறைவன் சொல்லவில்லை. அந்த நிலையிலேயே ‘நிலந்தன்மேல் வந்தருளி நீள்கழல்கள் காட்டி’ ஆட்கொண்டான். ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்று அவர் கூப்பிடுவது அதனால்தான். ஆகவே, படித்ததெல்லாம் வீண் என்ற பயத்தை முதலில் விடுங்கள்.

படிக்கும் முறையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நம் கோயில்களில் திருவெம்பாவைக் காலத்தில் அந்தத் திருவாதவூரடிகள் புராணத்தைப் படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்வார். பயன் சொல்லி முடியும்வரை அடுத்த பாட்டு எழாது. வீட்டில் அந்த இருவரும் நீங்களே ஆகலாம். 95 வரியையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், மூன்று நான்கு வரியை வாய்விட்டுப் படித்து நிறுத்துங்கள். அது உங்களுக்கு என்ன சொல்கிறது என்று உங்கள் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். ‘புல்லாகிப் பூடாய்’ என்று தொடங்கி ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்று வரும் இடத்துக்கு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து களைத்த வன்னிச் சனத்துக்கு உரையே வேண்டியதில்லை. அங்கே அழுகை வந்தால் அழுங்கள். அன்றைக்கு அதற்குமேல் படிக்க வேண்டாம்.

மாமியின் மனமும் நோகக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அவரோடு இருந்து முழுவதும் பாடுங்கள். ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று முடிவில் வருகிறதே, அதை அவரிடமே பயன் கேளுங்கள். பெரியவர்களுக்கு அது சந்தோசம்.

கடன் வேறு விசயம். அதைத் திருவாசகத்தின் தலையில் கட்டாதீர்கள். விளக்கேற்றுமுன் தவணைக் கொப்பியை எடுத்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள். குறைந்தால் அதை இரவே வீட்டாரிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை கடன்காரர் வரும்போது தனியே நின்று பதில் சொல்லாமல், வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.