பீலித் தண்ணீரும் முருகைக்கல் தொட்டியும்: பாசி பற்றிய கேள்வி-பதில்

ஹட்டன் வாசகர்: முருகைக்கல் (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று வாரங்களாகின்றன. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடி படிகிறது. என்ன மருந்து இடலாம்?

மருந்து வேண்டாம். அது டயட்டம் என்னும் நுண்பாசி, நீரிலுள்ள சிலிக்கேற்று தீரத் தீரத் தானாகவே மறையும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

பண்டாரவளை வாசகர்: பாறை முழுவதும் பச்சை முடிப்பாசி. ஆனால் சோதனையில் பொஸ்பேற்று பூச்சியம். சோதனைப் பெட்டி பழுதா?

பழுதில்லை. சேரும் பொஸ்பேற்றை நீங்கள் அளக்குமுன் பாசி உறிஞ்சிவிடுகிறது. பாறையை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளிக்குள் வைத்துப் பல் தூரிகையால் தேய்த்துப் பிடுங்குங்கள். பாசி மேயும் டேர்போ நத்தைகளை அதன் பின்னரே விடுங்கள். அவை குறுந்தளிரை மேயுமேயன்றி நீண்ட முடியைப் பெரும்பாலும் தொடமாட்டா.

கந்தப்பளை வாசகர்: எங்கள் பீலித் தண்ணீர் குடிப்பதற்கே அத்தனை சுத்தம். அதையே தொட்டிக்கும் விடுகிறேன். லைட்டை மாற்றியும் பாசி குறையவில்லையே?

மலையூற்று நீர் என்றால் மாசற்றது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருப்பதால் இக்கேள்வி ஓயாமல் வருகிறது. மனிதர் குடிக்கத் தகுந்த நீர் வேறு, முருகைக்கல்லுக்குத் தகுந்த நீர் வேறு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் என் தொட்டியில் 10ஐத் தாண்ட விடுவதில்லை. உங்கள் பீலிக்கு மேலே லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் பாத்திகள் இருந்தால், அவற்றுக்கு இடும் உரமும் கோழி எருவும் மழையில் கரைந்து ஊற்றுக்கண் வரை இறங்கும். நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவை கண்ணுக்குப் புலப்படா.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. 200 லீற்றர் தொட்டியில் நாளுக்கு இரண்டு லீற்றர் வற்றி, அதைப் பீலி நீரால் நிரப்பி வந்தால், மூன்று மாதங்களில் ஏறக்குறைய ஒரு தொட்டி பீலி நீரில் கரைந்திருந்த அத்தனையும் உள்ளே சேர்ந்துவிடுகிறது. என் முதல் தொட்டியை நான் இழந்ததும் இப்படித்தான். ஆறாம் மாதம் ஒரு மென்பவளத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் தண்டைச் சுற்றிப் பாசி கயிறாக இறுகியிருக்க, விரிந்திருக்க வேண்டிய கைகள் சுருங்கிக் கிடந்தன. லைட்டுக்குச் செலவிட்ட பணத்தை நீரில் கரைந்தவற்றையும் அகற்றும் ஆர்.ஓ.டீ.ஐ. வடிகட்டிக்குச் செலவிட்டிருக்கலாம். கரைந்தவற்றின் அளவைக் காட்டும் டீ.டீ.எஸ். மீற்றர் 0 காட்டாத நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பதுளை வாசகர்: என் தொட்டியில் பாசி. என்ன செய்வது?

எந்த நிறம், தொட்டி எத்தனை லீற்றர், லைட் எத்தனை மணி நேரம், எங்கிருந்து எடுத்த நீர்? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் பதில் கேட்பது முறையன்று. விவரத்தோடும் படத்தோடும் மீண்டும் எழுதுங்கள். மீற்றர் 0 காட்டுகிறதா என்பதையும் குறிப்பிடுங்கள்.

தலவாக்கலை வாசகர்: சிவப்புச் சவ்வு மணலை மூடுகிறது. எரித்ரோமைசின் இடலாமா?

அது பாசியன்று, சயனோ பக்றீரியா. அன்டிபயோட்டிக் உங்கள் தொட்டியைக் காக்கும் பக்றீரியாவையும் தாக்கக்கூடும். சவ்வைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், நீர் தேங்கும் மூலைக்குப் பம்பைத் திருப்புங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

நுவரெலியா வாசகர்: நுனியில் காற்றுக்குமிழுடன் பழுப்பு நூல்கள், இரவில் குறைந்து பகலில் பெருகுகின்றன. நைத்திரேற்று, பொஸ்பேற்று இரண்டும் பூச்சியம். மூன்று நாள் இருட்டில் வைக்கலாமா?

அறிகுறிகள் டைனோவையே (டைனோஃபிளாஜலேற்று என்னும் நுண்ணுயிர்) காட்டுகின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிசெய்யுங்கள். சத்து அற்றுப்போன தொட்டியில் போட்டி இல்லாததால் அது பெருகும். பொஸ்பேற்று அகற்றியை நிறுத்தி, லீற்றருக்கு நைத்திரேற்றை 5 மில்லிகிராம் அளவிலும் பொஸ்பேற்றை 0.05 மில்லிகிராம் அளவிலும் நிலைநிறுத்துங்கள். இருட்டில் வைப்பதாயின் காற்றுப் பம்பை நிறுத்தவே கூடாது. நீங்கள் வாழும் 1,900 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. நீரில் கரையும் ஒட்சிசனும் அதற்கேற்பக் குறைவு. அழுகும் பாசி அதையும் உறிஞ்சிவிட்டால் விடியுமுன் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும்.

மாத்தளை வாசகர்: தொட்டியில் பிடுங்கிய கோலேர்ப்பா என்னும் கடற்பாசியைத் திருகோணமலைக்குப் போகும்போது கடலில் விடலாமா?

கூடவே கூடாது. 1984இல் மொனாக்கோ கரையோரம் சிறு திட்டாகக் காணப்பட்ட கோலேர்ப்பா டக்ஸிஃபோலியா, பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரைகளை மூடியது. சிறு துண்டிலிருந்தே அது தழைக்கும். வெயிலில் சருகாகும் வரை காயவைத்துப் பின்னர் குப்பையில் சேருங்கள்.