1930களில் அமெரிக்காவே பசியில் கிடந்தபோது ஹாலிவுட் எப்படி ஆட்டமும் பாட்டுமாகப் படம் எடுத்தது? மக்களைக் கவலை மறக்க வைக்கவா?

பாதிக்கு மேற்பட்ட படங்களுக்கு ஆமாம் என்றே சொல்லிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உதாரணமாகக் காட்டப்படும் படமே இதற்கு எதிர்சாட்சி சொல்கிறது. வார்னர் பிரதர்ஸ் தயாரித்த ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’. இயக்கம் மெர்வின் லெராய், நடன அமைப்பு பஸ்பி பெர்க்லி, பாட்டுகள் ஹாரி வாரனும் ஆல் டூபினும்.

எடுத்த எடுப்பிலேயே பாட்டு. ஜிஞ்சர் ரோஜர்ஸும் கூட ஆடும் பெண்களும் பெரிய பெரிய நாணயங்களை உடம்பில் மாட்டிக்கொண்டு, கையில் பணம் வந்துவிட்டது, இனி வீட்டுக்காரரை நேருக்கு நேர் பார்க்கலாம், ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் செய்தி பேப்பரில் வராது என்று பாடுகிறார்கள். யூடியூபில் சுற்றுவது இந்தத் துண்டுதான். இதை மட்டும் பார்த்தவர்கள் ‘ஊரே பட்டினி, இவர்களுக்குக் கொண்டாட்டமா’ என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் படத்தில் அந்தப் பாட்டு முழுதாக முடிவதே இல்லை. ஷெரிஃபின் ஆட்கள் திமுதிமுவென்று மேடையேறுகிறார்கள். தயாரிப்பாளர் கடனைக் கட்டவில்லை, ஜப்தி. திரைச்சீலை, தட்டி, உடை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளுகிறார்கள். பெண்கள் மேல் மாட்டியிருக்கும் அட்டைக் காசையும் விடவில்லை. அப்போதுதான் நமக்கே தெரிகிறது, நாம் பார்த்தது ஒத்திகை என்று. பணம் வந்துவிட்டது என்ற பாட்டைப் பணம் இல்லாததால் நிறுத்துகிறார்கள்! இதைவிட நேராக அந்த வருஷத்தைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் அப்போது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

அடுத்த காட்சி எனக்கு இன்னும் பிடிக்கும். வேலை போன மூன்று நடனப் பெண்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எழுந்து செய்ய ஒன்றுமில்லை என்பதால் விடிந்தும் படுக்கையிலேயே கிடக்கிறார்கள். அலீன் மக்மஹோன் நடித்த ட்ரிக்ஸி மட்டும் எழுந்து போய், ஜன்னல் வழியாக இடுக்கியை நீட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் பால் பாட்டிலை லாவகமாகத் தூக்குகிறாள். நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் அந்தக் கை கொஞ்சமும் தடுமாறுவதில்லை. பழகின கை. புது ஷோ வரப்போகிறது என்று சேதி வந்ததும், இருப்பதில் நல்ல உடுப்பை ஒருத்திக்குப் போட்டு சான்ஸ் கேட்க அனுப்புகிறார்கள். தயாரிப்பாளர் பார்னி வந்து, ஷோ பெருமந்தத்தை, அதாவது அப்போதைய பொருளாதார வீழ்ச்சியைப் பற்றியது என்கிறார். அதற்கு ஒத்திகையே வேண்டாமே என்று பதில் வருகிறது.

அப்புறம் நடுவில் ஒரு பெரிய பகுதி, பாஸ்டன் பணக்காரக் குடும்பம், ஆள்மாறாட்டம், காதல் என்று நம்மூர் சபா நாடகம் மாதிரி போகும். சில இடங்களில் சிரிப்பு வரும், சில இடங்களில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த மூவரில் ஒருத்தியாக நடித்த ரூபி கீலர் ஆடும்போது காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார், அதை ரசிக்கிறவர்களும் உண்டு, நான் இல்லை. பூங்காவில் காதல் ஜோடிகள் பாட்டு இன்றைக்குக் கொஞ்சம் நெளிய வைக்கும். 1934 ஜூலையில் தணிக்கை விதிகள் இறுகுவதற்கு முன் வந்த படம் என்பது அங்கே நன்றாகவே தெரியும்.

படத்தின் உயிர் கடைசிப் பாட்டில்தான் இருக்கிறது. ‘ரிமெம்பர் மை ஃபர்காட்டன் மேன்’, அதாவது எல்லோரும் மறந்துவிட்ட என் ஆளை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னணி தெரிந்தால்தான் உறைக்கும். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1924-ல் போனஸ் தருவதாகச் சட்டம் போட்டார்கள், ஆனால் பணம் 1945-ல்தான் கிடைக்கும். வேலையும் இல்லை, சோறும் இல்லை, இப்போதே கொடுங்கள் என்று 1932 கோடையில் ஆயிரக்கணக்கான முன்னாள் ராணுவத்தினர் வாஷிங்டனில் கூடாரம் போட்டார்கள். ஜூலை 28 அன்று ஜெனரல் மக்ஆர்தர் தலைமையில் ராணுவமே வந்து, கண்ணீர்ப்புகை போட்டு அவர்களை விரட்டியது. கூடாரங்கள் எரிந்தன. அது நடந்து ஒரு வருஷம் ஆவதற்குள் இந்தப் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது.

பாட்டில், மூன்று பெண்களில் இன்னொருத்தியான ஜோன் ப்ளாண்டெல் தெரு விளக்கடியில் நிற்கிறார். கீழே கிடக்கும் துண்டு பீடியைப் பொறுக்கக் குனிகிறவனுக்குத் தன் சிகரெட்டைக் கொடுக்கிறார். (பீடி என்று நான்தான் சொல்கிறேன், அங்கே சிகரெட் துண்டு.) மேலே ஜன்னலோரம் எட்டா மோட்டன் என்ற கறுப்பினப் பாடகி பாடுகிறார். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது, ஆனால் பாட்டின் வலி முழுக்க அவர் குரலில்தான். அடுத்த வருஷமே அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாட வைத்தார். தெருவில் கிடக்கும் ஒருவனைப் போலீஸ்காரர் தூக்கி நிறுத்தி இழுத்துப் போகப் பார்க்கிறார். ப்ளாண்டெல் குறுக்கே போய், ஒன்றும் பேசாமல் அவன் கோட்டின் மடிப்பைத் திருப்பிக் காட்டுகிறார். உள்பக்கம் போர்ப் பதக்கம். போலீஸ்காரர் விலகிப் போகிறார்.

பிறகு அணிவகுப்பு. கொடியும் ஆரவாரமுமாகப் போகும் படை, மழையில் ரத்தக் கட்டுடன் திரும்பும் படை, அப்புறம் அதே ஆண்கள் இலவச உணவுக்கு நிற்கும் வரிசை. பெர்க்லி முறையாக நடனம் படித்தவர் இல்லை, போர்க்காலத்தில் ராணுவ அதிகாரியாக இருந்து சிப்பாய்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தவர். மற்ற பாட்டுகளில் பெண்களை மேலிருந்து பூ மாதிரி விரியவைக்கும் அதே ஆள், இங்கே தனக்குத் தெரிந்த நிஜ வேலையைச் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். பாட்டு முடிந்ததும் படமும் முடிந்துவிடும். காதலர்கள் சேர்ந்து நிற்கும் வழக்கமான காட்சிக்குக்கூடத் திரும்புவதில்லை.

படம் எடுத்தவர்களுக்கும் இது வெளியுலகச் சமாச்சாரம் இல்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1933 மார்ச்சில் நாட்டின் வங்கிகள் எல்லாம் மூடப்பட்டன, ஸ்டுடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தை வெட்டின. வெட்டிய சம்பளத்தை முழுசாகத் திருப்பித் தருவதில் தகராறு வந்து, வார்னரின் தயாரிப்புத் தலைவர் டாரில் ஸானக் ஏப்ரலில் வேலையை விட்டுப் போனார். அதே மார்ச் 10 அன்று லாங் பீச் நிலநடுக்கம் வேறு. இன்னொரு பாட்டுக்காக நியான் விளக்கு பொருத்திய வயலின்களுடன் பெண்கள் உயரத்தில் நிற்கும்போது செட் இருண்டுவிட்டது.

ஆக, கவலை மறக்க வந்தவர்களுக்கு அவர்கள் கவலையையே பாட்டாகப் போட்டுக் காட்டினார்கள், அவர்களும் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். படம் பெரிய வெற்றி.

இது பிடித்தால் அதே வருஷம் அதே ஸ்டுடியோவில் வந்த ‘42வது தெரு’ பாருங்கள். அதிலும் கதையில் வரும் மேடை ஷோவின் டைரக்டர் பங்குச் சந்தையில் பணத்தை விட்டவர், உடம்பு சரியில்லாமல் பணத்துக்காகவே ஷோ செய்கிறவர். கதாநாயகி கால் உடைந்துபோக, கோஷ்டியில் ஆடும் புதுப் பெண்ணை மேடைக்குத் தள்ளும்போது, இருநூறு பேர் வேலை உன் கையில் என்றுதான் அவளிடம் சொல்கிறார். இரண்டையும் ஒரே நாளில் மட்டும் பார்க்காதீர்கள். ரூபி கீலர், டிக் பவல், ஜிஞ்சர் ரோஜர்ஸ் மூவரும் இரண்டிலும் இருப்பதால், எந்தப் பாட்டு எந்தப் படம் என்று குழம்பிவிடும்.