கூலித் தகராறும் இடையில் போன அரை மணி நேரமும்

அன்புள்ள ஐயா,

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். என் மைத்துனர் சவுக்கு வெட்டும் கூலி. 2022இல் கூலி பாக்கி 6,400 ரூபாயை மேஸ்திரியிடம் கேட்டுத் தகராறு ஆகிவிட்டது. கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போயிருக்கிறார். பேச்சு முற்றி, அங்கே அடுக்கியிருந்த கட்டை ஒன்றை எடுத்துத் தலையில் ஒரே அடி. கடலூர் அரசு மருத்துவமனையிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தும் ஒன்பதாம் நாள் மேஸ்திரி இறந்துவிட்டார். போன மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் 302இல் (கொலைக் குற்றம்) ஆயுள் தண்டனை. இப்போது கேப்பர் மலை சிறையில் இருக்கிறார். கூலியை ஏமாற்றியதால் வந்த கோபம்தானே, அப்பீலில் குறையாதா? ஒன்பது நாள் உயிரோடு இருந்தவர் சாவுக்கு இவரா பொறுப்பு? வக்கீல் வைக்கப் பணமும் இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் காலண்டரைப் பாருங்கள். தீர்ப்புத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட வேண்டும். நகல் வாங்க ஆகும் நாட்கள் கணக்கில் கழியும். தீர்ப்பு நகல் உங்கள் மைத்துனருக்கு இலவசம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைத் தருகிறது. சிறைக் கண்காணிப்பாளரிடம் அவர் மனு எழுதிக் கொடுத்தால் போதும், அப்பீலே அந்த வழியாகப் போகும். சொந்தமாக வக்கீல் வைத்தால் வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) அவர் கையெழுத்தைச் சிறை அதிகாரி சான்றிட்டுத் தர வேண்டும். அதிலும் சில நாள் ஓடிவிடும்.

இனி, கூலியை ஏமாற்றினார் என்ற வாதம். இதை முன்னால் வைத்து அப்பீலை எழுத விடாதீர்கள். பாக்கி நியாயமானதாகவே இருக்கட்டும், அடித்ததற்கு அது சமாதானம் ஆகாது. அரசுத் தரப்பு அதையே ‘கொலைக்குக் காரணம்’ என்று திருப்பிப் போடும். ஆனால் மேஸ்திரியின் கணக்கு நோட்டு சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால் அதற்கு வேறொரு பயன் உண்டு. உங்கள் மைத்துனர் இரண்டாம் முறை ஏன் போனார் என்பதற்கு அது பதில் சொல்லும்: பாக்கியைக் கேட்கப் போனார், அடிக்கப் போகவில்லை.

வழக்கு அந்த அரை மணி நேரத்தில்தான் நிற்கிறது. எது கொலை என்று சொல்லும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் (சம்பவம் 2022 என்பதால் உங்களுக்குப் பழைய சட்டம்தான்) 4ஆம் விதிவிலக்கு திடீர்ச் சண்டையைப் பற்றியது; அதில் அடங்கினால் கொலை ஆகாது. முன்திட்டம் இருக்கக் கூடாது, ஆத்திரத்தில் நடந்திருக்க வேண்டும், நிராயுதபாணியாக நின்றவரின் நிலையைச் சாதகமாக்கிக் கொண்டிருக்கக் கூடாது, கொடூரம் கூடாது. அரை மணி இடைவெளி ‘ஆறிய பிறகு திரும்பி வந்தார்’ என்று படிக்கப்படும். அதற்கு மறுபக்கம், இரண்டாவது வாய்த்தகராறே புதிதாகக் கிளம்பிய சண்டை என்பது. இரண்டில் எது என்பதைக் கட்டை சொல்லும். கையோடு கொண்டுவந்திருந்தால் விதிவிலக்கு ஏறக்குறைய போய்விட்டது. குவியலிலிருந்து உருவியிருந்தால் நிற்க இடம் இருக்கிறது. போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரையும் அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் எடுத்து, மேஸ்திரி விழுந்த இடத்துக்கும் குவியலுக்கும் எத்தனை அடி என்று பாருங்கள்.

சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை நீண்டிருக்க வேண்டும். கைதின்போது மைத்துனர் உடம்பில் சிராய்ப்போ வீக்கமோ இருந்து, ரிமாண்டுக்கு முன் டாக்டர் எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தேடுங்கள்.

அரை மணி நேரம் என்ற பேச்சு முதலில் எங்கே வருகிறது? முதல் தகவல் அறிக்கையில் இல்லாமல், போலீஸ் வாக்குமூலத்திலும் இல்லாமல், அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) கூண்டில் ஏறித்தான் சொன்னார் என்றால் அது பின்னால் சேர்த்தது. ஒரு சிக்கல்: அந்த விடுபாட்டை விசாரணை அதிகாரியின் குறுக்கு விசாரணையில் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். செஷன்ஸ் வக்கீல் அதை விட்டிருந்தால், அப்பீலில் போலீஸ் வாக்குமூலத்தை நேரே எடுத்து வாசிக்க முடியாது. பல அப்பீல்கள் சறுக்குவது இங்கேதான். கூலிக்காரர்கள் சிலர் பிறழ் சாட்சி (போலீசில் சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொன்னவர்) ஆகியிருக்கலாம். அவர்கள் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போகாது, ஏற்கத்தக்க பகுதி இரண்டு தரப்புக்கும் உதவும்.

‘ஒரே அடி’ என்பதையும் அதிகமாக நம்ப வேண்டாம். விர்சா சிங் வழக்கில் (1958) ஈட்டிக் குத்து ஒன்றுதான்; கொலை என்றே உச்ச நீதிமன்றம் முடித்தது. அங்கே வைத்த கேள்வி, அந்தக் காயம் இயல்பான போக்கில் சாவை உண்டாக்கப் போதுமானதா என்பது. பிரேதப் பரிசோதனை டாக்டர் கூண்டில் முதல் விசாரணையில் (அரசு வக்கீல் கேட்கும்போது) அப்படிச் சொன்னாரா, இல்லை ‘தலைக்காயத்தால் இறந்தார்’ என்று மட்டும் சொன்னாரா என்று வரி வரியாகப் பாருங்கள்.

ஒன்பது நாள் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. நல்ல சிகிச்சையால் காப்பாற்றியிருக்கலாம் என்பது தப்பிக்கும் வழி ஆகாது, 299ஆம் பிரிவின் 2ஆம் விளக்கம் அதை அடைத்துவிட்டது. ஆனால் அறுவை சிகிச்சை நடந்ததில் வேறொரு விஷயம் இருக்கிறது. மண்டையைத் திறந்த பிறகு பிரேதப் பரிசோதனையில் தெரிவது தையல் போட்ட காயம். அடி விழுந்தபோது காயம் எத்தனை, எவ்வளவு நீளம் என்பதற்குக் கடலூரில் முதலில் பார்த்த டாக்டரின் விபத்துப் பதிவேடுதான் சாட்சி. ‘தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் தாக்கியதாக’ என்பது போன்ற வரியும் அதில்தான் இருக்கும். எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்கு என்று அங்கே எழுதியிருப்பதைக் கூண்டுச் சாட்சியத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

விதிவிலக்கு ஏற்கப்பட்டால் 304ஆம் பிரிவு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்). சாவையோ சாவு நேரக்கூடிய காயத்தையோ உண்டாக்கும் எண்ணம் இருந்தது என்றால் முதல் பகுதி, ஆயுள் வரை போகலாம். சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் என்றால் இரண்டாம் பகுதி, உச்சம் 10 ஆண்டு. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் அதில் கழியும். விடுதலையை மட்டும் கேட்டு எழுதாமல், மாற்றாக இதையும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அப்பீலோடு தண்டனை நிறுத்த மனுவும் போடலாம். ஆயுள் தண்டனை என்பதால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்தே இரண்டு நீதிபதிகள் அமர்வு முடிவெடுக்கும், சீக்கிரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்து வாய்தா தவறாமல் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். வக்கீல் அமைவதற்காகக் காத்திருக்காமல், சாட்சியங்கள், விபத்துப் பதிவேடு, மகஜர், வரைபடம் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டுக் கடலூர் கோர்ட்டில் இந்த வாரமே மனுப் போட்டுவிடுங்கள்.