வங்கி வேலையை விட்டு மர வல்லுநர் ஆகலாமா?

சிங்கப்பூரில் வங்கியொன்றின் கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரியும் 41 வயது வாசகர், வேலையை விட்டுவிட்டு நகர மரங்களைப் பராமரிக்கும் ‘ஆர்பரிஸ்ட்’ ஆக விரும்புவதாகவும், இந்த வயதில் அது இயலுமா, எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

இயலும், ஆனால் பணிவிலகல் கடிதத்தை இப்போதே கொடுத்துவிட வேண்டாம். இத்துறையில் பெரும்பாலோர் நாடும், அனைத்துலக மர வளர்ப்புச் சங்கத்தின் (ஐஎஸ்ஏ) சான்றிதழின் தேர்வு 200 கொள்குறி வினாக்களைக் கொண்டது. கணக்குப் படித்த ஒருவருக்கு அது பெரிய மலையன்று. தொடர்புடைய பட்டம் இல்லாதவர் அத்தேர்வை எழுதுவதற்கே மூன்று ஆண்டு முழுநேரத் துறை அனுபவம் வேண்டும் என்பதுதான் உண்மையான தடை. எனவே நீங்கள் முதலில் திட்டமிட வேண்டியது படிப்பை அன்று, சம்பளம் கணிசமாகக் குறையும் அந்த மூன்று ஆண்டுகளை. பூங்கா, சாலையோர மரங்களைப் பராமரிக்கும் நிலவனப்பு நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் சில மாதங்கள் வெட்டிய கிளைகளை இழுத்துப்போடுவதிலேயே கழியக்கூடும். 2016 முதல் அத்துறையில் படிப்படியான சம்பள உயர்வு முறை நடப்பில் இருந்தாலும் வங்கிச் சம்பளத்தை அங்கே எதிர்பார்க்க இயலாது.

மரமேற வேண்டுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஏறுவதில் தேர்ந்தவர்கள் தனியே இருக்கிறார்கள். பல இடங்களில் ஆளை மேலே உயர்த்தும் இயந்திர மேடையும் உண்டு. வல்லுநரின் மதிப்பு அவருடைய தீர்ப்பில்தான் இருக்கிறது. மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி ஓசையில் உட்குழிவை உணர்வது, வேரருகே முளைத்த பூஞ்சைக் காளானின் பொருளை அறிவது, தேவைப்பட்டால் ஒலியலைக் கருவியால் உள்ளழுகலை அளப்பது, பிறகு ‘இம்மரம் நிற்கலாம்’ என்று எழுதிக் கையொப்பமிடுவது ஆகியவை அவர் வேலை. அந்தக் கையொப்பம் கனமானது. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார்; அதற்கு முந்தைய செப்டம்பரில் நடந்த சோதனையில் அம்மரம் நலமாக இருந்ததாகவே பதிவாகியிருந்தது. தணிக்கை அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் சான்று தேடிப் பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு இத்தொழிலில் இடமுண்டு என்று நான் கருதுவது இதனால்தான்.

சில பழைய நம்பிக்கைகளையும் மறக்க வேண்டியிருக்கும். மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை, புதிய திசு அதை மூடி ஒதுக்குகிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். ஆகவே கிளையடியில் உள்ள புடைப்பைச் சிதைக்காமல் அதற்கு வெளியே வெட்டுவதே முறை. வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் பொதுவாகப் பயனில்லை. (வளையங்களை எண்ணி வயதைச் சொல்லும் பள்ளிப் பாடமும், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இவ்வூரில் பெரும்பாலும் கைகொடுக்காது.)

இப்போதைக்கு உங்கள் வட்டாரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை வேர் முதல் உச்சி வரை பார்த்து மாற்றங்களைக் குறித்து வாருங்கள். சுமத்ரா சூறைக்காற்று அடித்து ஓய்ந்த காலையில் கட்டாயம் போய்ப் பாருங்கள். விடுப்பு எடுத்து, ஒரு நிறுவனத்தின் அனுமதியோடு அதன் பணிக்குழுவுடன் இரண்டு வாரம் வெயிலில் நின்று பாருங்கள். நீங்கள் சிங்கப்பூரர் என்றால், 40 வயதை எட்டியோருக்கு 2024 முதல் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் வழங்கப்படும் 4,000 வெள்ளித் தொகை எந்தப் பயிற்சிகளுக்குச் செல்லும் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் குறிப்பேடு தொடர்ந்து நிரம்பி, குறைந்த சம்பளத்தில் மூன்று ஆண்டு நடத்தும் குடும்பக் கணக்கும் நேரானால், கடிதத்தை அப்போது எழுதுங்கள்.