நான்கு தரம் அழித்து எழுதிய பக்கம்

அன்புள்ள சேர்,

நான் மருதமுனையைச் சேர்ந்தவன். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். வாப்பா கைத்தறி நெய்கிறவர். அவர் நெய்யும் சாறன்களையும் சாரிகளையும் வெளியூர் ஆட்களும் பார்த்து வாங்கட்டும் என்று ஒரு வலைப்பக்கம் செய்ய மூன்று மாதமாக முயல்கிறேன். பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டையும் யூடியூப் பார்த்தே படித்தேன். லெப்டொப்பில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தை வலையில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றியதும் பன்னிரண்டு படங்களில் மூன்றுதான் வருகிறது. போனில் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது. கத்தாரில் இருக்கும் நானாவுக்கு லிங்க் அனுப்பினேன். தமிழே இல்லை, ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான் கிடக்கிறது என்று ஸ்கிரீன்ஷொட் போட்டார். நேற்று தலைப்பின் நிறத்தை மாற்றினேன், அதுவும் மாறவில்லை. எங்கே பிழை என்று தெரியாமல் நான்கு தரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். நான்கு தரமும் இதே கதைதான். எனக்கு இந்த வேலை சரிவராதோ என்று யோசனையாக இருக்கிறது. லிங்க் அனுப்பியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

மருதமுனை வாசகர்

அன்புள்ள தம்பி,

கல்லடியில் நேற்றிரவு மழை. வெளியே போக வழியில்லாமல் உங்கள் பக்கத்தோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கிறது. நான்கு தரமும் அந்தச் சரியான பகுதியைத்தான் அழித்திருக்கிறீர்கள். பெரிய பிழைகள் இரண்டும் நீங்கள் அழித்தெழுதிய வரிகளில் இல்லை. ஒன்று படங்களின் பெயரில் இருக்கிறது, மற்றது தமிழைத் தட்டச்சு செய்த முறையில் இருக்கிறது. பைலை எத்தனை தரம் புதிதாக எழுதினாலும் அதே படங்களையும் அதே தட்டச்சையும் திரும்ப உள்ளே வைத்தால் அதே பிழைதானே வரும்?

வாப்பா தறியில் இருக்கும்போது பாவு நூல் ஒன்று அறுந்தால் என்ன செய்வார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை உங்கள் ஊருக்குச் சாறன் வாங்க வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெய்தவர் தறியை நிறுத்தினார். அறுந்த இரண்டு நுனியையும் விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். மறுகா தறி ஓடியது. அதுவரை நெய்த துணியில் அவர் கை வைக்கவே இல்லை. உங்கள் பக்கத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அறுந்த நூல் எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை ஒரு வரியையும் அழிக்க வேண்டாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? லெப்டொப்பில் குரோமிலோ பயர்பொக்ஸிலோ பக்கத்தைத் திறந்து எப் 12 பொத்தானை அழுத்துங்கள். சில லெப்டொப்பில் எப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஒரு பெட்டி திறக்கும். அதில் நெட்வேர்க் என்ற தாவலுக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பிரவுசர் எந்தெந்தப் பைலைக் கேட்டது, கேட்டது கிடைத்ததா என்று வரிசையாக விழும். உங்கள் பக்கத்துக்கு அப்படிச் செய்தபோது ஏழு வரி சிவப்பாக வந்தது, ஒவ்வொன்றிலும் 404 என்ற எண். நீ கேட்ட பெயரில் இங்கே ஒன்றும் இல்லை என்று, பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வர் சொல்வதுதான் அந்த 404.

அந்த ஏழும் போன் கமராவில் எடுத்த படங்கள். கமரா பைலுக்குப் பெயர் வைக்கும்போது கடைசியில் வரும் ஜேபிஜி என்ற மூன்று எழுத்தையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் எச்டிஎம்எல்லில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், அதனால் உங்கள் லெப்டொப்பில் படம் வந்தது. கிட்ஹப்பின் சேர்வருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தெரிகிற மூன்று படங்களையும் பாருங்கள். அவை வட்ஸ்அப்பில் வந்தவை. பெயர் நீளமாக இருந்ததால் அப்படியே கொப்பி பண்ணி ஒட்டியிருக்கிறீர்கள், தப்பியது.

மிச்சம் இரண்டு படங்களின் கதை வேறு. அவை அந்த 404 வரிசையில் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் கன்சோல் தாவலைத் திறந்தால், உள்ளூர்ப் பைலை ஏற்ற அனுமதி இல்லை என்ற பொருளில் இரண்டு வரி இருக்கிறது. காரணம், படத்தின் விலாசத்தை சி டிரைவிலிருந்து முழுதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விலாசம் உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் லெப்டொப்புக்குள் மட்டும்தான் செல்லும். கத்தாரில் இருக்கிறவரின் போன் அதை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடும்? படங்களை எல்லாம் ஒரு போல்டரில் போட்டு, அந்தப் போல்டரை எச்டிஎம்எல் பைலுக்குப் பக்கத்தில் வைத்து, போல்டர் பெயர், சாய்கோடு, படத்தின் பெயர் என்று மட்டும் எழுதுங்கள். பெயர்கள் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். நடுவில் இடைவெளி விடாமல் சிறுகோடு போடுங்கள். இன்னொன்று: பழைய பெயரில் பெரிய எழுத்தைச் சிறிதாக்குவதோடு நிறுத்தினால், விண்டோஸில், பைல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் அதை ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாமல் விடுவதுண்டு. அதனால் முழுக்கப் புதுப் பெயரே வைத்துவிடுங்கள்.

இனி நானாவின் ஸ்கிரீன்ஷொட். இதைத்தான் ஆற அமரச் சொல்ல வேண்டும்.

நீங்கள் தமிழைப் பாமினி என்ற எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அச்சுக்கூடங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி நெடுங்காலம் ஓடியது, அதைப் பழகிய கை அதிலேயேதான் போகும். ஆனால் பாமினியில் ‘உம்மா’ என்று அடிக்கும்போது உண்மையில் பைலுக்குள் போய் இருப்பது சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்தக் குறிகளுக்குத் தமிழ் எழுத்தின் உருவத்தை மாட்டிவிடுவது மட்டும்தான் பாமினி எழுத்துரு செய்கிற வேலை. உங்கள் லெப்டொப்பில் அந்த எழுத்துரு இருக்கிறது, அதனால் உம்மா என்று தெரிகிறது. நானாவின் போனில் இல்லை, சட்டை கழன்றுவிட்டது. பைலைப் பொறுத்தவரை உங்கள் பக்கத்தில் தமிழ் என்று ஒரு சொல்கூட இல்லை, தம்பி. கூகுளில் ‘மருதமுனைக் கைத்தறிச் சாறன்’ என்று ஒருவர் தமிழில் தேடினாலும் உங்கள் பக்கம் அகப்படாது. கண் தெரியாத ஒருவருக்குப் போன் வாசித்துக் காட்டினால் ‘சி கே’ என்றுதான் வாசிக்கும்.

எனக்கும் இது நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு வாசகசாலைக்காக அவர்களிடம் இருந்த புத்தகங்களின் பட்டியலைப் பல இரவு இருந்து பாமினியில் அடித்து வலையில் ஏற்றினேன். என் கணினியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெளியூரில் திறந்த யாருக்கும் ஒரு தலைப்புக்கூட வாசிக்க முடியவில்லை. பிறகு, தமிழ்க் குறிகளுக்கென்றே தனி எண்கள் உள்ள யுனிகோட்டுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி, ஒவ்வொரு தலைப்பையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டி வந்தது. அந்த உழைப்பு உங்களுக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு பக்க அளவு எழுத்துதான். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்குங்கள், ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். இனி அடிப்பதை யுனிகோட்டிலேயே அடியுங்கள். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம், போனில் அடித்து அனுப்பிக்கொண்டாலும் சரி.

யுனிகோட்டுக்கு மாறிய பிறகு வேறொரு குழப்பம் வரக்கூடும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். யுனிகோட் தமிழ் எழுத்துகள் யூடிஎப் 8 முறையில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் பிடிக்கும். ‘உம்மா’ என்பதில் உ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, ஆகப் பதினைந்து பைட். இது யூடிஎப் 8 என்று பிரவுசருக்குச் சொல்லாமல் விட்டால், அது ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக எடுத்து, தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வருவதுபோல் ஒன்றைக் காட்டிவிடும். பார்த்ததும் பயந்து மறுபடி அழிக்க வேண்டாம். அங்கே தமிழ் பத்திரமாக இருக்கிறது, வாசிக்கும் முறையைத்தான் யாரும் சொல்லவில்லை. ஹெட் பகுதி தொடங்கியதும் முதல் வரியாக, பிரவுசருக்குக் குறிப்புச் சொல்லும் மெட்டா டேக் ஒன்றில் சார்செட் யூடிஎப் 8 என்று எழுதிவிடுங்கள். அது பைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால்தான் முதல் வரி என்கிறேன். பைலைச் சேமிக்கும்போதும் என்கோடிங் யூடிஎப் 8 என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆக, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வந்தால் பாமினி, கோடு போட்ட ஏயும் வட்ட ஆரும் வந்தால் சார்செட். தமிழில் பக்கம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நாட்கணக்கில் அலைகிறார்கள்.

தலைப்பின் நிறம் மாறாததற்கு, பிரவுசர் பழைய பைலை வைத்துக்கொண்டு காட்டுகிறதோ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அதற்கு கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். கிட்ஹப்பில் ஏற்றிய மாற்றம் வெளியே தெரியச் சில வேளை பத்து நிமிடம்கூட எடுக்கும், அந்தப் பொறுமையும் வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் அதுவல்ல. தலைப்புக்கான சிஎஸ்எஸ்ஸில் எழுத்தின் அளவைச் சொல்லும் வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லை. அதனால் அந்த வரியும் அடுத்த நிற வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டன. பிரவுசருக்கு அர்த்தம் விளங்கவில்லை, இரண்டையும் விட்டுவிட்டது. நிறம் மட்டுமல்ல, அளவும் போயிருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பழகுகிறவர்கள் மனம் விட்டுப்போகிறார்கள். பிரவுசர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறதே என்று. அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. 1996 இல் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு வந்தபோதே, விளங்காத வரியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. நாளைக்கு வரும் புதிய வசதியை இன்றைய பிரவுசர் பார்த்துத் திகைத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு, ஆனால் பழகுகிற பிள்ளைக்கு அது பெரிய தொல்லை. எழுதிய வரி வேலை செய்யாது, ஏன் என்றும் தெரியாது, கடைசியில் எனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் சரிபார்ப்பான் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எச்டிஎம்எல்லுக்கு ஒன்று, சிஎஸ்எஸ்ஸுக்கு ஒன்று. உங்கள் பைலை அதில் ஒட்டினால் எத்தனையாவது வரியில் பிழை என்று சொல்லிவிடும். அந்த அரைப்புள்ளியை ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கலாம். எப் 12 பெட்டியிலும் தலைப்பைத் தொட்டுப் பார்த்தால், பிரவுசர் ஏற்காத வரி கோடு அடிபட்டுக் கிடக்கும்.

போனில் எறும்பு எழுத்து வருவதற்கு ஒரே ஒரு மெட்டா டேக் இல்லாததுதான் காரணம். வியூபோர்ட் என்று பெயர். அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினிக்குச் செய்தது என்று எண்ணி, 980 பிக்சல் அளவு அகலமாக விரித்து, பிறகு கையகலத் திரைக்குள் சுருக்கிக் காட்டும். அகலம் டிவைஸ் விட்த், இனிஷியல் ஸ்கேல் 1 என்று அதில் கொடுங்கள். கொடுத்தவுடன் எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கம் வலப்பக்கம் பிதுங்கும். ஏனென்றால் விலைப்பட்டியலுக்கு 1000 பிக்சல் அகலம் வைத்திருக்கிறீர்கள். அதை நூறு வீதம் என்று மாற்றுங்கள், படங்களுக்கும் மேக்ஸ் விட்த் நூறு வீதம். தமிழுக்கென்று ஒரு குறிப்பு: நம் சொற்கள் நீளமானவை, ‘கைத்தறிப்புடவைகளிலிருந்து’ போன்ற ஒன்று சின்னத் திரையில் ஒரு வரிக்குள் அடங்காது. ஓவர்புளோ ராப் என்பதற்கு பிரேக் வேர்ட் என்று கொடுத்தால் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். வரிக்கு வரி இடைவெளியும் 1.7 அளவு வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டும்.

போன் கமராவில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் நான்கு எம்பிக்கு மேல். பன்னிரண்டும் வந்துவிட்டால் பக்கம் முப்பது எம்பியையாவது தொடும். டேட்டாக் கார்ட் போட்டுப் பார்க்கிற ஒருவர் முதல் சாறன் தெரியும் முன்பே மூடிவிடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துச் சேமியுங்கள், சில நூறு கேபிக்குள் வந்துவிடும். நெசவின் கட்டமும் கரையும் அதிலும் தெளிவாகத் தெரியும்.

இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒன்றைத் திருத்துங்கள், ஏற்றுங்கள், பாருங்கள், அப்புறம் அடுத்தது. முதலில் படங்களின் பெயர்.

கடைசியாக, வாப்பாவின் போன் இலக்கத்தை மேலே இருக்கும் படத்துக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொட்டு அழைக்க முடியாது, கொப்பியும் எடுக்க முடியாது. எழுத்தாக அடித்து, டெல் என்று தொடங்கும் லிங்க் ஒன்று கொடுங்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் அழைப்பை நான் எடுக்கிறேன். அந்த நீலக் கட்டச் சாறனில் இரண்டு எனக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.