பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரியில் சேர்ப்பது: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இணையதளம் மாற்றிய பலரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம், ஜவுளிக்கடை: சார், போன வாரம் புது தளம் ஏத்தினோம். கூகுள்ல வர்ற பழைய லிங்க் எல்லாம் 404 (பக்கம் இல்லை) காட்டுது. மொத்தத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுட்டா போதும்னு டிசைனர் சொல்றார். சரியா?

சரியில்லை. பட்டுப்புடவை விலை தேடி வந்தவரை முகப்பில் நிறுத்தினால் அவர் அப்படியே வெளியே போய்விடுவார். கூகுளும் இதை ஏற்காது. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் அதை 'சாஃப்ட் 404' (பக்கம் இல்லாததற்குச் சமம்) என்று எடுத்துக்கொள்ளும், பழைய பக்கம் சம்பாதித்த மதிப்பு புதுப் பக்கத்துக்கு வராது.

பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும் விதியை சர்வரில் எழுதுவது அரை மணி நேர வேலை. நாள் பிடிப்பது பட்டியல்தான். ஒரு எக்செல் தாளில் இரண்டே பத்தி: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே விஷயத்தைச் சொல்லும் புதுப் பக்கம். பழைய முகவரிகளை நாலு இடத்திலிருந்து திரட்டுங்கள். முதலில் பழைய சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு). அடுத்தது கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் உள்ள செயல்திறன் அறிக்கை. அது 16 மாதத் தரவு வைத்திருக்கும், ஆனால் ஒரு தடவைக்கு 1000 வரிதான் இறக்க முடியும் என்பதால் பெரிய தளமாக இருந்தால் கோப்புறை வாரியாக வடிகட்டி இறக்குங்கள். மூன்றாவது சர்வரின் ஆக்சஸ் லாக் (யார் எந்த முகவரியைக் கேட்டார் என்ற பதிவு). நாலாவது வேபேக் மெஷின் (பழைய தளங்களின் நகல் காப்பகம்). பலரும் மறப்பது படங்களையும் பிடிஎஃப்களையும்தான். விலைப்பட்டியல் பிடிஎஃப் லிங்க் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறதோ!

ஈடு இல்லாத பக்கத்தைத் திருப்பாதீர்கள். நிரந்தரமாக எடுத்துவிட்டது என்றால் அதையே சொல்லும் 410 என்ற நிலை எண்ணைக் கொடுங்கள். 404 ஆகவே விட்டாலும் குடி முழுகிப் போகாது.

மிஷன் வீதி, விருந்தினர் இல்லம்: 301 போடணுமா, 302 போடணுமா? ஒருமுறை 301 தப்பா போட்டு, திருத்தின பிறகும் என் கம்ப்யூட்டர்ல மட்டும் பழைய இடத்துக்கே போகுது.

இரண்டும் சர்வர் உலாவியைத் திருப்பிவிடும்போது (ரீடைரெக்ட்) சொல்லும் நிலை எண்கள். நிரந்தர மாற்றத்துக்கு 301. தற்காலிகத்துக்கு 302. உங்களுக்கு நடந்ததற்குக் காரணம், 301 பதிலை உலாவி தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே அங்கே போய்விடும். அதனால் சோதனை நடக்கும்வரை 302 வைத்துக்கொண்டு, எல்லாம் சரி என்றதும் 301 ஆக்குங்கள். சோதிக்க உலாவியை நம்ப வேண்டாம். சர்வரிடம் நேராகக் கேட்கும் கர்ல் கட்டளையில் பதிலின் தலைப்பை மட்டும் கேட்டால் (-I என்ற கொடி, அதாவது கட்டளையோடு சேர்க்கும் குறி) நிலை எண்ணும் எங்கே திருப்புகிறது என்ற 'லொக்கேஷன்' வரியும் அப்படியே தெரியும்.

உங்கள் தளத்தில் அறை முன்பதிவுப் படிவம் இருக்கிறது. படிவம் போய்ச் சேரும் முகவரிக்கு 301 போட்டால் உலாவிகள் 'போஸ்ட்'டை (விவரம் அனுப்பும் முறை) 'கெட்' (பக்கத்தைக் கேட்கும் முறை) ஆக்கிவிடும், விருந்தினர் நிரப்பிய விவரம் வழியிலேயே போய்விடும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் 308, அது 'போஸ்ட்'டை மாற்றாமல் நிரந்தரமாகத் திருப்பும்.

திருப்பாதிரிப்புலியூர், ஊர்ச் செய்தித் தளம்: எங்க முகவரி எல்லாம் தமிழ்லயே இருக்கும். இங்கிலீஷ் முகவரிக்குப் போட்ட விதி வேலை செய்யுது, தமிழ் முகவரிக்கு ஒண்ணுமே நடக்கல. ஏன் அண்ணா?

தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, நீளம். யூடிஎஃப்-8 (கணினி எழுத்துகளைச் சேமிக்கும்) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறியோடு ('க' என்றால் %E0%AE%95) எழுதப்படும்போது 9 எழுத்து. 'கடலூர்' என்பதில் க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என 6 குறிகள், ஆக 54 எழுத்து. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் தரும். 'கடலூர் வெள்ளி கடற்கரைக்கு எப்படிப் போவது' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'கடலூர்-வெள்ளி-கடற்கரைக்க' என்று நின்றுவிடும். கடைசி உகரக் குறிக்குக்கூட இடமில்லை. தலைப்பைப் பார்த்துப் பட்டியல் தயாரித்திருந்தால் இப்படி நீளமான தலைப்பு ஒன்றுகூடப் பொருந்தாது. தரவுத்தளத்தில் 'போஸ்ட் நேம்' பத்தியில் இருப்பதை அப்படியே எடுங்கள்.

இரண்டாவது, எந்த வடிவில் எழுதுவது. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் 'ரீரைட் ரூல்' (திருப்பும் விதி) சதவீதக் குறிகளைப் பிரித்த பிறகே ஒப்பிடும். எனவே எச்டிஆக்சஸ் (அப்பாச்சி விதிகளை வைக்கும்) கோப்பில் பழைய முகவரியைச் சதவீத வடிவிலிருந்து மாற்றித் தமிழிலேயே எழுதுங்கள். முன்னால் சாய்கோடு வேண்டாம். கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். வலப்பக்கமும் தமிழிலேயே இருக்கட்டும், அப்பாச்சி தானே குறியாக்கிவிடும். அங்கே சதவீத வடிவத்தை ஒட்டினால் ஒவ்வொரு சதவீதக் குறியும் மறுபடி குறியாகி, முகவரி முழுக்க '%25' என்று நிற்கும். அப்படிப் பார்த்தால் நோய் இதுதான். 'என்இ' கொடி சேர்த்தால் சரியாகும்.

எஞ்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் சங்கதி வேறு. பழையதற்குப் புதியது சொல்லும் 'மேப்' பட்டியலில் 'யூஆர்ஐ' மாறியை வைத்து ஒப்பிட்டால் இடப்பக்கம் தமிழ். ஆனால் வலப்பக்கம் சதவீத வடிவத்தில் இருக்க வேண்டும், அது தானாகக் குறியாக்காது. 'ரிக்வெஸ்ட் யூஆர்ஐ' மாறியை வைத்தால் அது பச்சையாக வந்த முகவரி. கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலும் அதில் சேர்ந்தே வரும், அப்படி வருபவர்கள் தப்பிவிடுவார்கள். மேலே சொன்ன வெள்ளி கடற்கரை முகவரி முன் சாய்கோட்டோடு 69 பைட். மேப் பக்கெட் அளவு (பட்டியலில் ஒரு முகவரிக்கு ஒதுக்கும் இடம்) பெரும்பாலான இயந்திரங்களில் 64 ஆக இருப்பதால் எஞ்ஜின்எக்ஸ் பிழை காட்டிக் கிளம்ப மறுக்கும். அந்த அளவை 256 ஆக்குங்கள்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. 'பொங்கல்' என்பதில் உள்ள 'பொ'வின் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. பழைய விசைப்பலகை மென்பொருளில் அடித்த கட்டுரைகளில் இது கலந்து கிடக்கும். பழைய முகவரியைக் கையால் அடிக்காமல் லாக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் இந்த வம்பு வராது. பிரெஞ்சு முகவரி வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்: மேலே கோடு போட்ட 'é' எழுத்துக்கும் இதே இரட்டை வேடம் உண்டு.

பண்ருட்டி, முந்திரி வியாபாரம்: பழைய டொமைன்ல 'பாண்டிச்சேரி'ன்னு இருந்தது. இப்ப கடைப் பேர்லயே புது டொமைன் வாங்கியாச்சு. பழசை எப்ப விடலாம்?

விடாதீர்கள். ஊர்ப்பெயர் 2006இலேயே புதுச்சேரி ஆகிவிட்டாலும் ஜனங்கள் இன்னும் 'பாண்டி' என்றுதான் தேடுகிறார்கள். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிக்கொண்டால் உங்கள் வாடிக்கையாளர் அவரிடம் போவார். ரீடைரெக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். உங்கள் பாக்கெட்டில் க்யூஆர் அச்சாகியிருக்கிறது என்பதால் கடைசிப் பாக்கெட் விற்றுத் தீரும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. பழைய முகவரிக்கு எச்டிடிபிஎஸ்ஸில் வருபவருக்கு முதலில் சான்றிதழ். ரீடைரெக்ட் அதற்குப் பிறகுதான். பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தியதும் சான்றிதழ் புதுப்பிப்பு நின்றுபோகும். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் என்றால் அதிகபட்சம் 90 நாளில் காலாவதி, அப்புறம் சிவப்பு எச்சரிக்கைதான் தெரியும். பழைய டொமைனின் டிஎன்எஸ்ஸைப் (டொமைன் எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவு) புது சர்வருக்குக் காட்டி, அங்கேயே அதற்கும் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ளதும் இல்லாததும் இரண்டும் அதில் வேண்டும். சர்ச் கன்சோலில் 'முகவரி மாற்றம்' கருவியையும் பயன்படுத்துங்கள். டொமைன் மாறினால் மட்டுமே அது பொருந்தும்.

லாஸ்பேட்டை, வலைப்பதிவர்: பிளாக்ஸ்பாட்லேருந்து வேர்ட்பிரஸுக்கு வந்தேன். பழைய முகவரி எல்லாம் 'பிளாக்-போஸ்ட்_27' மாதிரி இருக்கு, எது எந்தப் பதிவுன்னே தெரியல.

தமிழ்த் தலைப்பை முகவரியாக்க முடியாமல் பிளாக்கர் (பிளாக்ஸ்பாட்டை நடத்தும் சேவை) அப்படி எண் போட்டுவிடும். பிளாக்கர் இம்போர்ட்டர் செருகுநிரலால் இறக்கியிருந்தால் ஒவ்வொரு பதிவின் மெட்டாவிலும் (கூடுதல் விவரப் பகுதி) 'பிளாக்கர் பெர்மாலிங்க்' என்ற பெயரில் பழைய பாதை பதிவாகியிருக்கும். பட்டியல் அங்கேயே கிடைக்கும். பிளாக்ஸ்பாட்டில் சொந்த டொமைன் வைத்திருந்தவர் என்றால் எளிது, எல்லாக் கட்டுப்பாடும் இப்போது உங்கள் சர்வரில். வெறும் பிளாக்ஸ்பாட் முகவரி என்றால் அங்கே வேறு தளத்துக்கு 301 போட வழியில்லை. பிளாக்கரின் சொந்த ரீடைரெக்ட் அமைப்பு அதே வலைப்பதிவுக்குள் மட்டுமே திருப்பும்.

நெல்லிக்குப்பம்: 'அதிகமான ரீடைரெக்ட்' என்று பிழை. கிளவுட்ஃபிளேர் போட்டதிலிருந்துதான்.

அங்கே எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) அமைப்பு 'ஃப்ளெக்சிபிள்' நிலையில் இருக்கும். வருபவருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் கேட்கிறது, சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறது, செக்குமாடு கதைதான். சர்வரில் சான்றிதழ் வைத்து 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள்.

வில்லியனூர், உதிரிபாகக் கடை: பழைய முகவரி 'பொருள்.பிஎச்பி?ஐடி=14' வகை. விதி பிடிக்கவே மாட்டேங்குது.

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை 'ரீரைட் ரூல்' பார்க்காது. அதற்கு முன் வரியில் 'ரீரைட் காண்ட்' என்ற நிபந்தனை கொண்டு 'க்வெரி ஸ்ட்ரிங்'கைச் சோதிக்க வேண்டும். 14 என்று மட்டும் எழுதினால் 140, 1400 எல்லாம் அதில் விழும். இரு முனையையும் (^, $ குறிகளால்) கட்டுங்கள். ஆனால் முன்னும் பின்னும் '&' வரவும் இடம் கொடுங்கள், ஃபேஸ்புக்கிலிருந்து வரும் லிங்கில் வால் ஒட்டியிருக்கும். பழைய ஐடி புது முகவரியோடு ஒட்டிக்கொண்டு வராமலிருக்க 'க்யூஎஸ்டி' கொடி வேண்டும், அது அப்பாச்சி 2.4 முதல் உண்டு. எல்லா விதியையும் வேர்ட்பிரஸ் தானாக எழுதும் பகுதிக்கு மேலே வையுங்கள். உள்ளே வைத்தால் அடுத்த முறை அது அழித்து எழுதிவிடும்.

மஞ்சக்குப்பம் (மறுபடியும்): பட்டியல் 640 வரி வந்திருக்கு சார். எப்படிச் சரிபார்க்கிறது?

இடப்பத்தியை ஒரு உரைக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் கர்லில் ஓட்டி, நிலை எண், போய்ச் சேர்ந்த முகவரி, எத்தனை தாவல் (எத்தனை முறை திருப்பப்பட்டது) என்று மூன்றையும் எழுத வையுங்கள். தாவல் 1 ஆகவும், இறுதி நிலை 200 (பக்கம் கிடைத்தது) ஆகவும், முகவரி வலப்பத்தியோடு பொருந்தியும் இருக்க வேண்டும். 2, 3 தாவல் வந்தால் பெரும்பாலும் எச்டிடிபி, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ, கடைசிச் சாய்கோடு ஆகியவை தனித்தனியாகத் திருப்புகின்றன என்று பொருள். வலப்பத்தியில் இறுதி முகவரியையே எழுதுங்கள். அப்புறம் இரண்டு வாரம் தினமும் லாக்கில் 404 வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பட்டியலில் விட்டுப்போனவை அதில்தான் வந்து நிற்கும்.