எண்ணிக்கை வேறு, மடியம் வேறு

ஐயா, வணக்கம். வாழை பற்றிய உங்கள் கட்டுரையில் பூவன் ‘மும்மடியம்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ‘ட்ரிப்ளாய்ட்’ என்கிறார்கள். இந்த ‘ப்ளாய்ட்’ எங்கிருந்து வந்தது? அப்புறம், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள் என்கிறார்களே, அவர்களையும் மும்மடியம் எனலாமா?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. மடியம் என்பது குரோமோசோம்கள் எத்தனை என்ற கணக்கு அல்ல, எத்தனை முழுத் தொகுதிகள் என்ற கணக்கு. நமக்கு அம்மாவிடமிருந்து 23 கொண்ட ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆக 46, இருமடியம். டவுன் நோய்க்குறியில் பெரும்பாலும் 21ஆம் குரோமோசோம் மட்டும் ஒன்று கூடுதலாக இருக்கும், மற்றவையெல்லாம் ஜோடிதான். மனிதரில் மும்மடியம் என்றால் 69 இருக்க வேண்டும். அப்படி உருவாகும் கரு பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே கலைந்துவிடும். வளர்ந்து பள்ளிக்குப் போகிற குழந்தையை அந்தச் சொல்லால் குறிப்பது பெரிய தவறு.

செடிகளின் கதை வேறு. பூவனில் 11 கொண்ட தொகுதிகள் மூன்று, மொத்தம் 33. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று இருந்தால் எப்படிச் சரிபாதியாகப் பிரிவது? அங்கேதான் விதை தடைபடுகிறது. பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்கள். அதனால்தான் பக்கக்கன்றை எடுத்து நடுகிறோம். மகரந்தம் சேராமலே காய் பருப்பது தனிக் குணம், அதற்குக் காரணமான மரபணுக்கள் வேறு.

சரி, சொல்லுக்கு வருவோம். ஹாப்ளாய்ட் (ஒருமடியம்), டிப்ளாய்ட் (இருமடியம்) இரண்டையும் 1905இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் பான் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர். கிரேக்கத்தில் ‘ஹாப்ளோஸ்’ ஒற்றை, ‘டிப்ளோஸ்’ இரட்டை. கடைசியில் வரும் ‘இட்’, மரபுப்பொருளின் அலகுக்கு ஆகஸ்ட் வைஸ்மன் வைத்த பெயரிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. நீங்கள் கேட்ட ‘ப்ளாய்ட்’, மடியத்தைக் குறிக்கும் ‘ப்ளாய்டி’ இரண்டும் இந்தச் சொற்களிலிருந்து பின்னால் பிரித்தெடுத்ததுதான்.

இன்னொன்று. விதையில்லாத வாழையெல்லாம் மும்மடியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏலக்கி இருமடியம்தான், 22 குரோமோசோம்கள். ஆனால் அதன் இரண்டு தொகுதிகளும் இரண்டு வெவ்வேறு காட்டு வாழை இனங்களிலிருந்து வந்தவை.